ஹார்ன் அடிக்குது, அப்ப பேட்டரி நல்லாருக்குனு சொல்ற மெக்கானிக்கிட்ட உஷாரா இருங்க (எனக்கு போனது ரூ.10,450)

கொஞ்சம் நீளமான பதிவு, மன்னிச்சிக்கோங்க. சென்னை டு திருச்சி ரோட்டுல குடும்பத்தோட கார்ல போறவங்க மட்டுமாவது படிச்சிடுங்க. ஹோட்டல் பேரு மெக்கானிக் பேரு எல்லாம் போடல, ஏன்னா என்கிட்ட ஒழுங்கான பில்லே இல்ல, அது ஏன்னு கீழ சொல்றேன்.

தங்கச்சி பையனுக்கு காதுகுத்து, பெரம்பலூர் பக்கம் எங்க குலதெய்வம் கோயில்ல. நான்தான் தாய்மாமன், என் மடியில வெச்சுதான் குத்தணும். வெள்ளிக்கிழமை, 10:30க்கு ராகுகாலம் ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள முடிக்கணும்னு பூசாரி கறாரா சொல்லிட்டாரு. நாங்க தாம்பரத்துல இருந்து விடிகாலை 4 மணிக்கே கெளம்பிட்டோம், நான் என் வைஃப் அப்பா அம்மா, டிக்கி ஃபுல்லா சீர்வரிசை. வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். அதுவரைக்கும் நடுரோட்டுல ஒரு நாள் நின்னதில்ல.

விக்கிரவாண்டி டோல் தாண்டி ஒரு ஹோட்டல்ல 6:15க்கு நிறுத்தி காபி சாப்பிட்டோம். திரும்பி வந்து சாவிய திருப்புறேன், டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். திரும்ப திருப்புறேன், டக். செல்ஃப் (இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) எடுக்கவே இல்ல. இப்ப யோசிச்சா அப்பவே கார் எனக்கு பதில் சொல்லிடுச்சு, சாவிய திருப்புற ஒவ்வொரு வாட்டியும் டேஷ்போர்டுல இருந்த லைட் மொத்தமும் அணைஞ்சு, கைய எடுத்தா திரும்ப வந்துச்சு, கடிகாரம் வேற 12:00னு காட்டுச்சு. அத பாத்தேன், ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு தெரியல.

பார்க்கிங்ல விசில் ஊதிட்டு இருந்தவரு ஓடி வந்தாரு, "சார் நம்மாளு ஒருத்தர் இருக்காரு, பத்து நிமிஷத்துல வந்துருவாரு"னு அவரே போன் போட்டாரு. அப்பா மட்டும் "டேய் ரெண்டாவது கியர்ல போட்டு தள்ளி பாப்போமா"னு கேட்டாரு. நான் கேக்கல.

மெக்கானிக் பைக்ல வந்தாரு, பின்னாடி ஒரு உதவியாள். மரியாதையான ஆளு, வந்ததும் அப்பாவுக்கு வணக்கம் வெச்சாரு. அவரு கேட்ட முதல் கேள்வி வண்டிய பத்தி இல்ல, "எங்க சார் போறீங்க, அவசரமா?" நானும் லூசு மாதிரி காதுகுத்து, தாய்மாமன், பத்தரைக்குள்ள போகணும்னு மொத்த கதையையும் ஒப்பிச்சிட்டேன். ரேட்ட அந்த இடத்துலயே அவரு ஃபிக்ஸ் பண்ணிருப்பாரு.

அப்புறம் "சார் ஹார்ன் அடிங்க"ன்னாரு, அடிச்சது. "ஹெட்லைட் போடுங்க", எரிஞ்சது. "பாத்தீங்களா, பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. போனது செல்ஃப் மோட்டார்." எனக்கு அது ரொம்ப கரெக்டா பட்டுச்சு, உங்களுக்கும் படும். கரண்ட் இருக்கு, மோட்டார் சுத்தல, அப்ப மோட்டார்தான அவுட்டு? அப்பா திரும்பவும் தள்ளி பாக்கலாம்னு ஆரம்பிச்சாரு, உடனே "ஐயா அதெல்லாம் அந்த காலத்து அம்பாசடர்ல பண்றது, இந்த வண்டில தள்ளுனா கம்ப்யூட்டர் போயிடும், முப்பதாயிரம் செலவு"ன்னாரு. அப்பா வாய மூடிட்டாரு. (அதுவும் உடான்ஸ்தான். மேனுவல் கியர் பெட்ரோல் வண்டிய ஒருதரம் தள்ளி ஸ்டார்ட் பண்ணா கம்ப்யூட்டர் போகாது. ஆட்டோமேட்டிக்க மட்டும்தான் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது.)

மோட்டார கழட்டி கடைக்கு எடுத்துட்டு போறேன், ரீகண்டிஷன் பண்ணது ரெடியா இருக்கும், மாத்தி எடுத்துட்டு வரேன்னு 7:45க்கு போனவரு 9:20க்குதான் வந்தாரு. அந்த ஒன்றரை மணி நேரத்துல தங்கச்சி பதினோரு தடவ போன் பண்ணிருப்பா. வரும்போது கையில பளபளன்னு சில்வர் பெயிண்ட் அடிச்ச மோட்டார். மாட்டினாரு, கூட வந்தவரு பேட்டரி டெர்மினல்ல (பேட்டரில ஒயர் மாட்டற முனை) உப்புத்தாள் போட்டு தேச்சு வெந்நீர் ஊத்தி கழுவி திரும்ப மாட்டினாரு, சாவிய திருப்புனேன், முதல் அடியிலேயே வண்டி ஸ்டார்ட். சத்தியமா சொல்றேன், எனக்கு அவரு கைய புடிச்சு கும்பிடணும் போல இருந்துச்சு.

மோட்டார் 7,800, ரிலே வீக்கா இருந்துச்சுனு அதுக்கு 650, லேபர் 1,500, வந்து போன சார்ஜ் 500. மொத்தம் 10,450. நோட்டுப் பேப்பர் கிழிச்சு பேனால எழுதி குடுத்தாரு, கடை பேரு இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. ஜிபே பண்ணா வேற யாரோ ஒருத்தர் பேரு வருது, "மச்சான் நம்பர் சார்"ன்னாரு. பழைய மோட்டார கேட்டேன், "எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன் சார், இல்லனா இன்னும் ரெண்டாயிரம் ஆயிருக்கும்". அதையும் நம்புனேன்.

கோயிலுக்கு போய் சேரும்போது மணி பன்னெண்டு. பெரியப்பா பையன் மடியில வெச்சு காது குத்தி முடிச்சு, பையன் அழுது தூங்கியே போயிட்டான். தங்கச்சி ஒண்ணும் சொல்லல, இலைய போட்டு சாப்பிட சொன்னா, அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சரியா ஒன்பது நாள் கழிச்சு, எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல, அதே டக். அதே மாதிரி லைட் அணையுது, கடிகாரம் 12:00. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன கூப்பிட்டேன், பல வருஷமா அவருதான் இந்த வண்டிய பாக்குறாரு. பானெட்ட தூக்குனாரு, எந்த டூலும் எடுக்கல, நெகட்டிவ் டெர்மினல கையால புடிச்சு திருகுனாரு, அது குழாய் மூடி மாதிரி சுத்துது! டெர்மினல் கிளாம்ப்புல ஒரு விரிசல், என்னதான் நட்ட டைட் பண்ணாலும் ரோட்டு அதிர்வுல லூஸ் ஆயிடும். அடியில வெள்ளையா உப்பு பூத்து கெடக்கு. கையால அழுத்தி புடிச்சிக்கிட்டு "இப்ப அடி"ன்னாரு, ஸ்டார்ட் ஆயிடுச்சு. புது டெர்மினல் 120 ரூபா. கூலி வேணாம்னுட்டாரு, நான்தான் டீ வாங்கி குடுத்தேன்.

நான் விடல, "அண்ணே அன்னைக்கு ஹார்ன் அடிச்சுது, லைட் எரிஞ்சுதே"ன்னேன். சிரிச்சிட்டு சொன்னாரு, "ஹார்னுக்கு ஒரு டம்ளர் காபி போதும்பா, செல்ஃபுக்கு ஒரு அண்டா சோறு வேணும்." கணக்கு போட்டு பாத்தா அதுதான் உண்மை. ஹெட்லைட் பல்பு 55 வாட்ஸ், 12 வோல்ட்டுல அது இழுக்கறது 5 ஆம்பியர் கூட வராது. செல்ஃப் மோட்டார் சின்ன வண்டிலயே நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். உப்பு பூத்த லூஸ் கனெக்ஷன் வழியா அஞ்சு ஆம்பியர் எப்படியோ போயிடும், நூறு போகாது. அதனால ஹார்ன் அடிக்கறத வெச்சு பேட்டரி, கனெக்ஷன் ரெண்டும் சரியா இருக்குனு யாரும் சொல்லவே முடியாது. தொழில் தெரிஞ்ச எந்த மெக்கானிக்குக்கும் இது தெரியும்.

டெர்மினல் மாத்தறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சும் காட்டுனாரு. மீட்டர் முள்ள பேட்டரியோட ரெண்டு ஈயக் கம்பத்துலயும் நேரா வெச்சிட்டு என்ன செல்ஃப் அடிக்க சொன்னாரு, 12க்கு மேலயே நின்னுச்சு. அதையே அதுமேல மாட்டியிருக்கற கிளாம்ப் ரெண்டுலயும் வெச்சு அடிக்க சொன்னாரு, 5 கூட இல்ல. கரண்ட் கம்பத்துல இருக்கு, கிளாம்ப்புக்கு வரல, நடுவுல அந்த உப்புதான்.

அப்ப அன்னைக்கு மோட்டார் மாத்துனதும் எப்படி ஸ்டார்ட் ஆச்சு? இதுதான் எனக்கு வயிறு எரியற இடம். செல்ஃப் மோட்டார கழட்டணும்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ்வ கழட்டியாகணும், இல்லனா ஷார்ட் ஆகும். திரும்ப மாட்டும்போது தேச்சு கழுவி டைட் பண்ணி மாட்டுனாங்க. வண்டிய சரி பண்ணது அந்த உப்புத்தாளும் ஒரு டம்ளர் வெந்நீரும். மோட்டாரு சும்மா வேடிக்கை பாத்துட்டு இருந்துச்சு.

அதோட முடியல. அண்ணன் வண்டிக்கு அடியில போய் டார்ச் அடிச்சு பாத்துட்டு இருந்தவரு திடீர்னு ஸ்க்ரூடிரைவரால அந்த சில்வர் பெயிண்ட்ட சுரண்ட ஆரம்பிச்சாரு. "தம்பி இங்க வா, இது என்னனு பாரு." ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மோட்டாருக்கு கார்பன் (உள்ள கரண்ட் குடுக்கற, தேயற கட்டை) மாத்துனப்ப அடையாளத்துக்கு உளியால ரெண்டு கோடு வெட்டி வெச்சிருந்தாராம். பெயிண்டுக்கு அடியில அந்த ரெண்டு கோடு அப்படியே இருக்கு. என் மோட்டாருக்கே பெயிண்ட் அடிச்சு எனக்கே 7,800க்கு வித்திருக்கான். (மரியாதை அதுவரைக்கும்தான் வந்துச்சு, மேல குடுத்த "அவரு"வ எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்.) ரிலேவும் பழசேதான், அதுக்கு பெயிண்ட் கூட அடிக்கல.

அண்ணன் அன்னைக்கு சொன்னத, அப்புறம் நானா கத்துக்கிட்டத சேத்து எழுதறேன், உங்க வண்டி நின்னா யூஸ் ஆகும். சாவிய திருப்பும்போது லைட் மங்குதா அணையுதானு முதல்ல பாருங்க, அப்படின்னா பேட்டரி, இல்ல டெர்மினல், இல்ல எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வண்டி பாடிக்கு போற ஒயர்). டிக்டிக்டிக்னு வரிசையா சத்தம் வந்தாலும் பெரும்பாலும் இதேதான். பானெட்ட தூக்கி ரெண்டு டெர்மினலையும் கையால திருகி பாருங்க, துளி கூட அசையக்கூடாது. அசைஞ்சா பத்து நம்பர் ஸ்பானர் போதும். கழட்டறதா இருந்தா நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா வெந்நீர் ஊத்துங்க, வீட்டுல சோடா உப்பு இருந்தா இன்னும் நல்லது, அந்த தூள வெறுங்கையால தொட்டுட்டு கண்ண தேய்க்காதீங்க.

லைட் கொஞ்சமும் மங்காம ஒரே ஒரு டக் மட்டும் வந்தா அப்ப செல்ஃப் மேல சந்தேகப்படலாம். அப்பவும் கார்பன் தேஞ்ச மோட்டாரா இருந்தா, ஒருத்தர் சாவிய திருப்ப இன்னொருத்தர் மோட்டார் பாடிய ஸ்பானர் பிடியால லேசா தட்டுனா சில சமயம் எடுத்துக்கும், வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துடலாம். அதே செல்ஃப் நல்லா சுத்தி இன்ஜின் மட்டும் புடிக்கலைனா அது வேற கதை, பெட்ரோல் பம்போ ஸ்பார்க்கோ பாக்கணும். டேஷ்போர்டுல சாவி படம் மின்னுச்சுனா ஸ்பேர் சாவி போட்டு பாருங்க. இன்னொரு வண்டில இருந்து ஜம்பர் கேபிள் குடுத்தா, கடைசி கறுப்பு கிளிப்ப நின்ன வண்டியோட பேட்டரில மாட்டாம இன்ஜின் இரும்புல மாட்டுங்க.

மல்டிமீட்டர் இருந்தா, வண்டி ஆஃப்ல ராத்திரி நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், 12க்கு கீழ போனா காலி. ஸ்டார்ட் ஆகி ஓடும்போது பதினாலு பக்கத்துல காட்டணும், 12லயே நின்னா ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) வேலை செய்யல. இத பாக்காம புது பேட்டரி வாங்கி மாட்டிட்டு ரெண்டாவது நாள் திரும்ப நின்னவங்க எங்க அபார்ட்மெண்ட்லயே இருக்காங்க.

என் தப்பும் இருக்கு, மறைக்கல. நேஷனல் ஹைவேல நின்னா 1033க்கு அடிக்கலாம், ஹைவே அத்தாரிட்டி நம்பர், எனக்கு தெரியும், அந்த பதட்டத்துல ஞாபகமே வரல. இன்சூரன்ஸ்ல ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன்க்கு வருஷா வருஷம் காசு கட்டிட்டு இருக்கேன், இதெல்லாம் முடிஞ்சப்புறம் பாலிசிய எடுத்து பாத்தாதான் தெரியுது. எந்த பார்ட் கழட்டுனாலும் அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, பழச கையில வாங்காம காசு குடுக்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் பேசுனேன், அவங்க கேட்ட முதல் விஷயம் பில். என்கிட்ட இருக்கறது நோட்டுப் பேப்பரும் யாரோ மச்சான் பேர்ல ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்.

அவனுக்கு போன் போட்டேன். மூணாவது தடவதான் எடுத்தான். ரெண்டு கோடு விஷயத்த சொன்னேன், டெர்மினல் விஷயத்த சொன்னேன், எல்லாத்தையும் பொறுமையா கேட்டான். கேட்டுட்டு, "சார், அன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?"ன்னான். ஆச்சுன்னேன். "அப்புறம் என்ன சார்"னு வெச்சிட்டான்.