டைகர் யுத்த தாங்கி மாதிரி: பெட்டிக்குள் இல்லாத நுணுக்கங்கள்

1/35 அளவிலான இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் டைகர் யுத்த தாங்கியினது பிற்காலத் தயாரிப்பு வடிவத்தின் பிளாஸ்டிக் மாதிரிப் பொதியைக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தருவித்துப் பொருத்தியவன் என்ற வகையில், அதன் பாகங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதைத் தயங்காமல் பாராட்டுவேன். ஆனால் இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் உண்மையில் மூன்றரை சென்ரிமீற்றர் என்பதால், கைபிடிகள் தடித்துப் பொம்மைத்தனமாகத் தெரிகின்றன. அவற்றை வெட்டியெடுத்துவிட்டுப் பழைய மின்வயரின் மெல்லிய செப்புக் கம்பியை வளைத்து ஒட்டினால் தோற்றமே மாறிவிடுகிறது.

பெருங்குறை, சிமெரிட் பூச்சு இல்லாமையே. காந்த வெடிகள் ஒட்டாதிருக்க 1943 முதல் 1944 செப்டெம்பர் வரை ஜேர்மன் தொழிற்சாலைகளில் பூசப்பட்ட அப்பூச்சின் வரிவரியான மேடுகள் இல்லாமல் பிற்கால டைகர் முழுமை பெறாது. எபொக்சிப் புட்டியைப் பக்கத் தகடுகளில் கடதாசித் தடிப்பில் பரப்பி, அது இறுகுமுன் சிறிய ஸ்குரூ டிரைவரின் தட்டை முனையை நீரில் நனைத்து நனைத்து வரிசையாக அழுத்தினேன். வரிகள் சற்றே கோணினாலும் பாதகமில்லை, அசலும் கையால் பூசப்பட்டதுதானே. பீரங்கியின் அடியிலுள்ள வார்ப்பு உருக்குக் கவசத்துக்கு, மெல்லிய திரவப் பசையைத் தடவி, இளகிய மேற்பரப்பைத் தேய்ந்த தூரிகையால் குத்தினாலே தேவையான சொரசொரப்பு வந்துவிடும்.

லாக்கர் வர்ணத்தை மார்கழி மழைக்கு முன்பே விசிறி முடிப்பது நல்லது. காற்றின் ஈரம் அதை வெண்மையாக மங்கச் செய்யும்.

வைனில் சங்கிலிப் பட்டிகளோ சக்கரங்களின் மீது தொய்ந்து கிடக்காமல் விறைத்து நிற்கின்றன. சுப்பர்குளூவால் சக்கரங்களோடு ஒட்டியே சரிசெய்ய முடிந்தது. இந்த விலைக்குத் தனித்தனிக் கண்ணிகளாகவே தந்திருக்கலாம்.