'மதர்போர்டு எரிஞ்சிருச்சுக்கா': ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு 420 வெள்ளி வாங்கிய கடை

மேசைக் கணினியின் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போய், அதைத் தூக்கிக்கொண்டு பேட்டைக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. அதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, மீதிக்கு இன்னும் அலைச்சல். கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் முடியவில்லை. சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, இப்போதைக்கு அது போதும்.

நான் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். பயிற்சித்தாள் அடிப்பது, அச்செடுப்பது எல்லாம் கூடத்தில் இருக்கும் கணினியில்தான். அக்கா மகன் பாகங்களை வாங்கிக் கோத்துக் கொடுத்தது. தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு நாள் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றும் ஒன்றாக அணைந்தன. மவுஸுக்கு அடியில் எரியும் சிவப்பு விளக்குகூட இல்லை. அணைத்துப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட் ஸ்டேட்டஸ் டிடெக்டட், 15 விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று. சொன்னபடியே அணைந்தது. அக்கா மகனுக்கு அப்போது ராணுவ முகாம், கைப்பேசியில் பிடிக்க முடியவில்லை. அச்செடுக்க வேண்டிய தாள்களோ மலைபோல் இருந்தன. டிராலியில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நம்மவர். "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்று நல்ல தமிழ். திரையில் வந்த வரியை விரலால் சுட்டிக் காட்டினார். "பாருங்கக்கா, மெஷினே சொல்லுது. ஓவர் கரன்ட். யூஎஸ்பி கன்ட்ரோலர் எரிஞ்சிருச்சு. அது மதர்போர்டுலயே ஒட்டியிருக்கும், தனியா மாத்த முடியாது. புது மதர்போர்டுதான்." மதர்போர்டு என்பது கணினியின் எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை. ரசீதில் மதர்போர்டு 290, கூலி 80, டேட்டா பரிசோதனை 50 என்று எழுதி, பேநவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்றம் மூலம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். டேட்டா பரிசோதனை எதற்கு என்று கேட்டேன். "மதர்போர்டு மாத்துனா ஃபைல் போயிரும்லக்கா, அதுக்குத்தான்" என்றார். ஃபைல்கள் இருப்பது ஹார்டு டிஸ்கில். மதர்போர்டை மாற்றினால் அவை எங்கும் போகாது.

கணினி திரும்பி வந்தது, ஓடியது. பின்பக்க போர்ட்டுகள் எல்லாம் சரி. ஆனால் முன்பக்கத்தில் இருந்த இரண்டு போர்ட்டுகளும் உயிரில்லாமல் கிடந்தன. போன் போட்டுக் கேட்டால், "புது மதர்போர்டுக்கும் உங்க பழைய கேசுக்கும் முன்பக்க போர்ட் ஒத்துப்போகாதுக்கா, பின்னாடியே குத்திக்குங்க" என்றார். கேஸ் என்றால் கணினியின் வெளிக்கூடு. அந்த ஒரு பதில்தான் அவரை மாட்டிவிட்டது. அக்கா மகன் முகாமிலிருந்து வந்ததும் அதைச் சொன்னேன். "சித்தி, அது எப்படி ஒத்துப்போகாம போகும்? எல்லாக் கேசுக்கும் ஒரே மாதிரி கனெக்டர்தானே" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தான். நான் எதிர்பார்த்தது பளபளவென்று ஒரு புது மதர்போர்டு. உள்ளே இருந்தது அதே பழையது. மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் பிராசசரைக் கழற்றி மாட்ட வேண்டும், பிராசசரைக் கழற்ற அதைக் குளிர்விக்க அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரை எடுத்தாக வேண்டும். எங்கள் கூலரின் உலோகத் தகடுகளுக்கு நடுவே தூசி சாம்பல் நிறப் பஞ்சுபோல அடைந்து, ஓர் இழைகூடக் கலையாமல் கிடந்தது. ஸ்க்ரூக்களின் தலையிலும் அதே தூசி. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை அவன் எறியாமல் வைத்திருந்தான். பெட்டியில் இருந்த வரிசை எண்ணும் மதர்போர்டில் ஒட்டியிருந்த வரிசை எண்ணும் ஒன்றே. ரசீதில் எழுதியிருந்த மாடல் வேறு.

கேசின் முன்பக்கத்திலிருந்து வரும் தடித்த கேபிள் மட்டும் பிடுங்கப்பட்டு, ஒரு ஓரமாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. 19 பின் உள்ள கனெக்டர், முன்பக்கத்து இரண்டு யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் அந்த ஒரே கேபிளில்தான் வருகின்றன. அவர்கள் செய்த மொத்த வேலையும் இதுதான்.

அப்புறம் அவன் முன்பக்க போர்ட்டுக்குள் விளக்கை அடித்துக் காட்டினான். யூஎஸ்பி போர்ட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும் அல்லவா, அதன் மேல்தான் பித்தளை நிறப் பின்கள் வரிசையாக இருக்கும். ஒரு போர்ட்டில் அந்த நாக்கு முனையில் உடைந்து, ஓரத்துப் பின் ஒன்று மடங்கிச் சுற்றியிருக்கும் உலோகக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓரத்துப் பின்னில் வருவது 5 வோல்ட், உலோகக் கூடு எர்த். இரண்டும் தொட்டால் ஷார்ட். மாணவர்கள் யாராவது தம்ப் டிரைவைத் தலைகீழாக வைத்து அழுத்தியிருப்பார்கள், அது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

இங்கேதான் கடைக்காரர் சொன்ன பொய்யின் முழு அளவும் தெரிகிறது. ஓவர் கரன்ட் என்று வந்தால் மதர்போர்டு எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு போர்ட்டோ அதில் செருகிய பொருளோ அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது, நான் எரிந்துபோகாமல் இருக்க அணைந்துகொள்கிறேன் என்று மதர்போர்டு சொல்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900 மில்லி ஆம்பியர் என்பது வழக்கமான அளவு. அதைக் காக்கத்தான் இந்தப் பாதுகாப்பு. எச்சரிக்கை எழுதிக் காட்டுகிற மதர்போர்டு உயிரோடுதான் இருக்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் சரியானதைக் கடைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மாற்றாத மதர்போர்டுக்கு 290 வெள்ளி. காரணத்தைக் கண்டுபிடித்ததற்கு 30, 40 வெள்ளி கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன்.

இனி, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை. அவன் சொல்லிக் கொடுத்ததை நானே செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணினியில் செருகியிருக்கும் அத்தனையையும் பிடுங்குங்கள். பிரிண்டர், ஹப், விசிறி, கைப்பேசி சார்ஜர் கேபிள், எதையும் விடாதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும், பல நேரங்களில் இதிலேயே போர்ட்டுகள் எழுந்துகொள்ளும். பிறகு கீபோர்டை மட்டும் பின்பக்க போர்ட்டில், மதர்போர்டோடு சேர்ந்திருக்கும் போர்ட்டில், செருகி ஓட விடுங்கள். எழுந்துவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது மறுபடி படுக்கிறதோ, அதுதான் குற்றவாளி.

எதுவுமே செருகாதபோதும் அதே எச்சரிக்கை வந்தால் போர்ட்டுகளுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். மடங்கிய பின் கண்ணுக்கே தெரியும். முன்பக்க போர்ட்டில் சந்தேகம் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உள்ளே அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கலாம். இழுக்கும்போது நேராக இழுக்க வேண்டும், ஆட்டினால் பின்கள் வளையும்.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விண்டோஸுக்குள் மட்டும் கீபோர்டு, மவுஸ் வேலை செய்யவில்லையா? கணினியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போங்கள். அங்கே கீபோர்டு வேலை செய்தால் மதர்போர்டும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன, கோளாறு விண்டோஸில். இந்த ஒரு சோதனைதான் மிக முக்கியம் என்பேன், ஏனென்றால் 'போர்டு போச்சு' என்ற பேச்சை இது பாதியிலேயே நிறுத்திவிடும். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்புக்குள் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று இருக்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிடுவது ஒரு வழி. அதே பட்டியலில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர்களை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி போடுவது இன்னொன்று. அப்படிச் செய்யும்போது மவுஸ் நடுவிலேயே செத்துவிடும், பயப்பட வேண்டாம், மறுபடி போட்டதும் விண்டோஸ் தானாகவே பொருத்திக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட்டே போர்ட்டைக் கெடுத்த கதையும் உண்டு. 14 அக்டோபர் 2025 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, பழுது நீக்கும் ரெக்கவரி திரைக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் சரியாக ஓடின. 20 அக்டோபர் அன்று அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் அந்தத் திரையோடு கடைக்குப் போனவர்களில் எத்தனை பேர் மதர்போர்டுக்குக் காசு கட்டினார்களோ!

உண்மையிலேயே மதர்போர்டின் யூஎஸ்பி பகுதி செத்துவிட்டாலும் மதர்போர்டையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உள்ளே காலி ஸ்லாட் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு ஒன்றைச் செருகலாம், அதிலேயே புதிதாகச் சில போர்ட்டுகள் கிடைத்துவிடும். மதர்போர்டு விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இதைச் சொல்லாத கடையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் திறந்து, மதர்போர்டின் வரிசை எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். யூஎஸ்பி கோளாறுக்கு உங்கள் கடவுச்சொல் தேவைப்படாது, பயோஸிலேயே சோதித்துவிடலாம்.

படங்களையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு அக்கா மகனோடு கடைக்குப் போனேன். முதலில் "டெக்னீஷியன் ஜாப் ஷீட்டை மாத்தி எழுதிட்டான்க்கா" என்றார். சரி, அப்படியானால் என் மதர்போர்டு யாருடைய கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. 290 வெள்ளியை அங்கேயே பேநவில் திருப்பி அனுப்பினார். கூலியும் டேட்டா பரிசோதனையும் சேர்ந்த 130 வெள்ளியை மட்டும் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நாங்களும் வாடகை கட்டணும்லக்கா."

தேவையில்லாத பாகத்தைத் தேவை என்று சொல்லி விற்பது இங்கே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். 2014இல் சிம் லிம் சதுக்கத்துக் கைப்பேசிக் கடை ஒன்றில் வியட்நாம் சுற்றுப்பயணி மண்டியிட்டு அழுத காணொளியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான விவகாரத்தை அங்கே எடுத்துக்கொள்வார்கள், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டுவது 10 வெள்ளி. இணையத்திலேயே போடலாம், வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. 130 வெள்ளிக்கு இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், இவ்வளவு தூரம்தான்.

கோரிக்கையைப் போட்டுவிட்டேன், தேதிக்குக் காத்திருக்கிறேன். வடக்கு வட்டாரத்தில் சமீபத்தில் கணினியைக் கொடுத்து, ரசீதில் 'மதர்போர்டு மாற்றம்' என்று எழுதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி முதலில் கூலரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் துடைத்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள்.