94-லேயே நிற்கும் வேகமும் 3,500 ரூபாய் பூஸ்டரும்

ஃபைபர் இணைப்பில் பெரிய பிளானுக்கு மாறியும் வேகம் கூடவில்லை, பார்க்க வந்தவர் "பூஸ்டர் போடணும்" (ரவுட்டரின் வைஃபை சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி) என்கிறார் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 3,500 ரூபாய் போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் மோடம் கீழே வாசல் அறையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு லேன் கேபிள் மாடிக்குப் போய் ரவுட்டரில் சேர்கிறது. அதைப் போட்டதும் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள்தான். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிளானில் இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை. 300-க்கு மாறினோம். கட்டணம் ஏறியது, வேகம் ஏறவில்லை. எந்த நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 93, 94.

புகார் செய்ததும் நிறுவனத்தின் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ரவுட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "பழைய செங்கல் சுவர் சார், ரொம்ப கனம். சிக்னல் தாண்டாது. பூஸ்டர் போட்டாத்தான் சரிப்படும்." பூஸ்டர் அவர் பையிலேயே தயாராக இருந்தது. கடைசி அறையில் செருகிவிட்டு என் போனைக் காட்டினார்: "பாருங்க, டவர் ஃபுல்லா நிக்குது." அம்மாவுக்குப் பரம திருப்தி. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கடைப் பெயரும் இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். போனில் தெரியும் அந்தக் கோடுகள் போனுக்கும் பூஸ்டருக்கும் இடையே உள்ள சிக்னலைத்தான் காட்டும். இணைய வேகம் எவ்வளவு என்பதை அவை சொல்லாது. அவர் விற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே உள்ள மலிவு ரகம். ரவுட்டரிடமிருந்து வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் ஒரே ரேடியோ, ஒரே சேனல் என்பதால் கிடைப்பதில் பாதி அங்கேயே போய்விடும். பெட்டியில் அச்சடித்த "300 எம்பிபிஎஸ்" வெறும் ஏட்டுக் கணக்கு. கோடு நிறைய இருந்த அந்த அறையில் 30-ஐத் தொடவே திணறியது.

விடுமுறைக்கு வந்த சித்தப்பா மகன் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போடும் வேலையில் இருப்பவன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "ரவுட்டர் பக்கத்துலயே நின்னா எவ்வளவு வருது?" அங்கேயும் 94 என்றேன். "அப்புறம் சுவர் என்னண்ணா பண்ணுச்சு?"

மாடியில் ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி நேராக லேப்டாப்பில் செருகினான். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டியது. கீழே மோடத்திலேயே ஒரு சின்ன கேபிளைப் போட்டுப் பார்த்தால் 1000/1000. ஆக, கோளாறு நடுவில் ஓடும் கேபிளில்.

கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். எட்டுக் கம்பிகள் தெரிய வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன: ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே நறுக்கப்பட்டிருந்தன. கிரிம்ப் செய்தவருக்கு, அதாவது கம்பிகளைப் பிளக்கில் வைத்து அழுத்திப் பொருத்தியவருக்கு, அவ்வளவு அவசரம்! நான்கு கம்பிகளில் 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். அந்த 100-லும் தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் விவரங்களின் சுமையைக் கழித்தால் கைக்கு வருவது 94 சொச்சம். அதனால் 94-லேயே அசையாமல் நின்றால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அல்லது ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ரகமா என்று பாருங்கள். சுவர் காரணம் என்றால் வேகம் அறைக்கு அறை மாறும், இப்படி ஒரே எண்ணில் நிற்காது.

இரண்டு முனையையும் வெட்டிப் புது பிளக் போட்டான். கடையில் வாங்கினால் பிளக்கின் விலை சில ரூபாய்தான். ரவுட்டர் பக்கத்தில் 280-ஐத் தாண்டியது. கடைசி அறையில் பூஸ்டர் இல்லாமலே படம் தடங்கலின்றி ஓடுகிறது.

நிறுவனத்தைக் கூப்பிட்டால், "அது எங்கள் பொருள் இல்லை, அவர் தனியாக விற்றது" என்கிறார்கள். அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் புகார் எண்ணைச் சொல்லித்தான் வந்தார். புகாருக்கான டாக்கெட் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தாகிவிட்டது. துண்டுச் சீட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.