சித்தி வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு மோட்டார் ஹோம்: இரண்டரை வருஷ அனுபவம்

டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றி இரண்டரை வருஷம் ஆகிறது. 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. (மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டோம், அதைச் செய்யாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.) மலை, கடற்கரை என்று போய்வந்த கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் வண்டி அதிக ராத்திரி நின்ற இடம் கொடைக்கானலும் இல்லை, கூர்க்கும் இல்லை, குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற சித்தி வீட்டு வேப்பமரத்தடிதான். அதனால் சனி, ஞாயிறு சொந்தக்காரர் வீட்டுக்கு இப்படி ஒரு வண்டியில் போவது எப்படி இருக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வாங்கும்போது மனசில் இருந்த கணக்கு இதுதான்: சித்தி வீட்டில் ஒரே பாத்ரூம், ஏற்கெனவே ஏழு பேர், நாங்கள் நாலு பேர் போய் இறங்கினால் ராத்திரி யார் எங்கே படுப்பது என்று பெரிய ஆலோசனையே நடக்கும், சித்தப்பா கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போவார். வண்டியிலேயே படுத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

முதல் ராத்திரியே அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்தது. சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குக் கிளம்பினேன். சித்தி வாசலில் வந்து நின்றுகொண்டார். “இன்னாடா இது, வூடு இருக்கும்போது வண்டில போய்ப் படுக்கறேன்ற? பாக்கறவன் இன்னா சொல்லுவான், சித்தி வூட்ல எடம் குடுக்கலன்னு சொல்லமாட்டானா?” என் பதில் எதுவும் எடுபடவில்லை. நாலு பேரும் கூடத்தில்தான் படுத்தோம், சித்தப்பா வழக்கம்போல மாடிக்குப் போனார், லட்சக்கணக்கில் செலவு செய்த படுக்கை வெளியே காலியாகக் கிடந்தது.

அப்புறம் மே மாதம் போனோம். வேலூர்ப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், மலையும் பாறையும் பகல் சூட்டை ராத்திரி வரைக்கும் விடாது. பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஆயாவுக்கு (எங்கள் பாட்டி) எண்பது தாண்டிவிட்டது, விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏ.சி. போட்டு, படிக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வைத்து, கையைப் பிடித்து ஏற்றினோம். படுக்கையைத் தட்டிப் பார்த்தார், சின்ன ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார், “ஜில்லுனு கீதுடா” என்று படுத்தவர் காலையில்தான் எழுந்தார். அன்றைக்குத்தான் சித்திக்கு வண்டியின் மேல் இருந்த கோபம் போனது. இப்போதெல்லாம் நாங்கள் போனால் ஆயாவும் சித்தியும் வண்டியில், நாங்கள் கூடத்தில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், விற்கிறவர்கள் இதை விளக்கமாகச் சொல்வதில்லை. எங்களுடையது 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. முழுக்க சார்ஜ் இருந்தால் இரண்டரை யூனிட் சொச்சம். ஏ.சி. 900 வாட் இழுக்கும். அப்படியென்றால் இரண்டரை மணி நேரம், கம்ப்ரசர் நின்று நின்று ஓடினால் இன்னும் கொஞ்சம். ராத்திரி முழுக்க ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு ஒரு மணி வாக்கில் கரண்ட் வந்ததால்தான் ஆயா விடியும்வரை தூங்கினார். கூரையில் சோலார் 400 வாட் இருக்கிறது, ஆனால் வேப்பமரத்தடியில் நிறுத்தினால் வண்டி குளிர்ச்சியாக இருக்கும், சோலார் ஒன்றுக்கும் உதவாது. வெயிலில் நிறுத்தினால் சார்ஜ் ஏறும், உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த வெயிலிலும் பேனல் சூடேறினால் முழு வாட் வராது, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறையும், 65 டிகிரிக்குப் போய்விட்டால் ஆறில் ஒரு பங்கு காலி. நான் மரத்தடியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அதனால் வீட்டுக் கரண்டை நம்பித்தான் ஆக வேண்டும், வம்பு அங்கேதான். பழைய வீடு, கூடத்தில் இருப்பது ஐந்து ஆம்பியர் பிளக், 1,150 வாட்டோடு சரி. அதில் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் செருகி ஏ.சி. போட்டேன், என் மனைவி தெரியாமல் வண்டிக்குள்ளேயே இண்டக்‌ஷனில் பால் வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பிளக் பழுப்பாகியிருந்தது, சுருட்டியே வைத்திருந்த ஒயர் தொட்டால் சுட்டது, அடுத்த நிமிஷம் ஃபியூஸ் போயிற்று. சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஃபியூஸ் கட்டினார். தப்பு முழுக்க என்னுடையது. ஒயரை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைவான ஒயர் வேண்டாம்.

கழிப்பறைப் பெட்டி 18 லிட்டர், நாலு பேருக்கு இரண்டு நாள்கூட வராது. அதை யார் வீட்டில் போய்க் கொட்டுவது? முதல் தடவை கேட்கவே கூச்சமாக இருந்தது, விடியற்காலை நாலரை மணிக்குத் திருடன் மாதிரி பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், நாய் குரைத்து வீடே எழுந்துவிட்டது. இப்போது சொந்தக்காரர் வீட்டில் வண்டிக் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறோம், ஆயாவுக்கு மட்டும் ராத்திரி திறப்பு. செப்டிக் டேங்கில் கொட்டுவதாக இருந்தால் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து போடாதீர்கள், தொட்டியில் கழிவை மக்க வைக்கிற கிருமியை அது கொன்றுவிடும்.

தண்ணீர்: அங்கே போர் தண்ணீர் உப்பு. ஆறு மாதத்தில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிட்டது. குளிக்க மட்டும் போர், குடிக்கக் கேன்.

வழி: சென்னையிலிருந்து வாலாஜா, வேலூர் தாண்டி பள்ளிகொண்டாவில் பிரிந்தால் மொத்தம் 175 கிலோமீட்டர் போல. நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை, கடைசி அரை கிலோமீட்டர்தான். ஏ.சி.யோடு சேர்த்து உயரம் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு, தெருவில் கேபிள் ஒயர் தொங்கும், பையன் மூங்கில் கொம்போடு முன்னால் நடப்பான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் குடியாத்தம் டவுனுக்குள் இந்த வண்டியைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

ஃபிரிட்ஜ் 40 லிட்டர். போகும்போது காலி, வரும்போது கருவாட்டுக் குழம்பு ஒரு தூக்கு, மீதி இடம் முழுக்க இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய். காம்பு முள் குத்திக் காய்கறிப் பையெல்லாம் ஓட்டை.

இப்படிப் போவதற்காக மட்டும் மோட்டார் ஹோம் வாங்கலாமா என்றால், வேண்டாம், காரே போதும், டீசலுக்கு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஆயா இருக்கிறார், அதனால் விற்கப்போவதில்லை.

போன மாதம் போனபோது வேப்பமரத்துப் பக்கச் சுவரில் புதிதாகப் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தது, மழைக்கு மேலே ஒரு தகரத் துண்டு. எதற்கு என்று சித்தப்பாவைக் கேட்டேன். கிரைண்டருக்காம்.