வீட்டில் பிபி மெஷின்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் தானியங்கி பிபி மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் சில வருடங்களாக இருக்கிறது. அம்மாவுக்காக வாங்கியது, இப்போது நானும் பார்த்துக்கொள்கிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் திரையில் வரும் எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அதனால் முழுப் பயன்.

ரத்த அழுத்தம் தனியாக நிற்கும் ஒரு விஷயம் இல்லை. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அது போகும் வழியில் எவ்வளவு தடை இருக்கிறது, இந்த இரண்டின் பெருக்கல்தான் சராசரி அழுத்தம். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு ஓட்டம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர். தடையின் பெரும்பகுதி பெரிய ரத்தக் குழாய்களில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்தமனிகளில் இருக்கிறது. அவற்றின் சுவரில் உள்ள தசை இறுகினால் குழாய் சுருங்கும். குழாயின் விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பாதியானால் 16 மடங்கு! உடம்பு இவ்வளவு சின்ன அசைவில் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வது எனக்கு இன்னும் வியப்புதான்.

இதை மெஷினிலேயே பார்க்க முடிகிறது. வேகமாக நடந்து வந்த கையோடு பார்த்தால் எனக்கு மேல் எண் (இதயம் தள்ளும்போது உள்ள அழுத்தம்) நன்றாக ஏறியிருக்கும், கீழ் எண் (துடிப்புகளுக்கு இடையில் உள்ள அழுத்தம்) பெரிதாக நகராது. இதயம் அதிகம் தள்ளுகிறது, ஆனால் கால் தசைகளில் நுண்தமனிகள் விரிந்து தடையைக் குறைத்துவிடுகின்றன. மார்கழிக் காலையில் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் பார்த்தால் கதை வேறு: தோலில் குழாய்கள் சுருங்குகின்றன, தடை கூடுகிறது, இரண்டு எண்களும் ஏறுகின்றன.

அம்மாவுக்கு 158/70 மாதிரிதான் வரும். "கீழ் பிரஷர் நார்மல்தானே" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது ஆறுதல் இல்லை. வயதில் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், விறைத்துப்போகிறது. இதயம் தள்ளும்போது அதனால் விரிந்து கொடுக்க முடியாததால் மேல் எண் எகிறுகிறது, துடிப்புகளுக்கு இடையில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாததால் கீழ் எண் இறங்குகிறது. எண்களுக்கு இடையிலான அந்த அகலமே கவனிக்க வேண்டிய செய்தி. டாக்டர் அம்லோடிபின் கொடுத்தார். அது நுண்தமனித் தசையைத் தளர்த்தித் தடையைக் குறைக்கும் மாத்திரை. அப்புறம் கணுக்கால் வீங்கியது. அதுவும் இதே கணக்குதான்: நுண்தமனி விரிந்தால் அதற்கு அடுத்த தந்துகிகளில் (மிக மெல்லிய ரத்தக் குழாய்களில்) அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. சொன்னதும் டாக்டர் அளவை மாற்றினார்.

சரி, மெஷினுக்கு வருவோம். பட்டை காற்றை இறக்கும்போது கையின் தமனித் துடிப்பு அதில் அதிர்வாகத் தெரியும். அந்த அதிர்வு உச்சமாகும் இடம்தான் சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கருவி அதிர்வின் வடிவத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் காட்டுகிறது. அதனால்தான் கையை அசைத்தால் தப்பான எண் வருகிறது. பேசினால் அழுத்தமே ஏறிவிடும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது; டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பதும் வேண்டும்.

பெட்டியோடு வரும் பட்டை எல்லாருக்கும் பொருந்தாது. என் தம்பியின் பருத்த கைக்கு அது எண்ணைக் கூட்டியே காட்டியது. பெரிய பட்டை தனியாக வாங்கினோம். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7, 8 புள்ளி கூடும். மணிக்கட்டில் கட்டும் மாடல்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

உழைப்பில் குறையில்லை. பட்டையின் வெல்க்ரோதான் முதலில் பிடிப்பு இழந்தது, புதுப் பட்டை போட்டோம். பேட்டரியை விட அடாப்டர் மேல். டாக்டரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப்போய் அவருடையதோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துச் சராசரியை எழுதிவையுங்கள். வீட்டில் அந்தச் சராசரி தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.