ஐஎஸ்எம்பி 300 ஃபிளேஞ்ச்: நேர் வரிசையா, ஜிக்ஜாக்கா?

ஐஎஸ்எம்பி 300 என்பது 300 மி.மீ. உயரமுள்ள 'I' வடிவ இரும்பு பீம்; மேலும் கீழும் கிடக்கும் பட்டைகள் ஃபிளேஞ்ச், நடுவில் நிற்கும் தகடு வெப். இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட இந்த பீமை நடுவில் பிளேட் வைத்துப் போல்ட் போட்டுச் சேர்க்கும்போது, கவலை இழுவிசையில் இருக்கும் கீழ் ஃபிளேஞ்சில்தான்: அங்கே ஓட்டைகளை நேர் வரிசையில் ஜோடியாகப் போடுவதா, மாற்றி மாற்றி ஜிக்ஜாக்காகவா? மேல் ஃபிளேஞ்ச் அமுக்கத்தில் இருக்கிறது. ஓட்டையைப் போல்ட் அடைத்துவிடுவதால் அங்கே எதையும் கழிக்க வேண்டாம்.

ஃபிளேஞ்ச் அகலம் 140 மி.மீ. எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு ஓட்டை 22. ஐஎஸ் 800:2007 (இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல்) படி, ரோல் செய்த விளிம்பிலிருந்து ஓட்டை மையம் குறைந்தது ஓட்டை விட்டத்தைப் போல் 1.5 மடங்கு, அதாவது 33 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஆக கேஜ், அதாவது இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள தூரம், 74-ஐத் தாண்டாது. வெப் பக்கம் வாஷருக்கும் ஸ்பேனருக்கும் மிஞ்சுவது சொற்ப இடம். உட்பக்கம் சரிவாக வேறு இருப்பதால் டேப்பர் வாஷரை மறக்கக் கூடாது.

நேர் வரிசையில் ஒரே வெட்டில் இரண்டு ஓட்டை. மிஞ்சும் அகலம் 96, மொத்தத்தில் 0.69 பங்கு. 250 கிரேடு (250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும்) இரும்பில் ஓட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட இந்தப் பங்கு 0.77 இருக்க வேண்டும். அது இல்லாததால் ஃபிளேஞ்சின் பலம் கணக்கில் 11% போல குறையும். ஆனால் 60 பிட்ச்சில் (வரிசையில் போல்ட்டுக்குப் போல்ட் தூரம்) இணைப்பின் ஒரு பக்கத்து எட்டு போல்ட் 260 மி.மீ. நீளத்தில் முடிந்துவிடும்.

ஜிக்ஜாக்கில் மிஞ்சும் அகலத்தோடு p²/4g கூட்டிக்கொள்ளலாம் (p என்பது அடுத்த வரிசை ஓட்டை நீளவாக்கில் தள்ளி நிற்கும் தூரம், g என்பது கேஜ்). கேட்க நன்றாக இருக்கிறது. 30 மி.மீ. தள்ளிப் போட்டால் கிடைப்பது வெறும் 3 மி.மீ. 60 தள்ளினால் 12 கிடைத்து 0.77-ஐ எட்டிவிடும், ஆனால் பிளேட் ஒரு பக்கத்துக்கே 500 மி.மீ. ஆகிறது! கையால் மார்க்கிங் செய்யும் பட்டறையில் ஓட்டை இடம் மாறவும் வாய்ப்பு அதிகம்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: நேர் வரிசை, எம்16 போல்ட். ஓட்டை 18 என்பதால் மிஞ்சுவது 104; ஃபிளேஞ்ச் இழப்பு சுமார் 3.5% மட்டுமே. ஜிக்ஜாக்கில் இதே அகலம் கிடைக்க, எம்20-ஐ 50 மி.மீ. தள்ளிப் போட வேண்டியிருக்கும். சரி, எம்16-இன் பலம் குறைவுதான். மரைப் பகுதியின் பரப்பு 157 ச.மி.மீ., எம்20-க்கு 245. எட்டுக்குப் பதில் பதினான்கு போட வேண்டும். 45 பிட்ச்சில் அது 330 மி.மீ. நீளம். முடுக்கும் வேலை கூடும், அவ்வளவுதான்.

ஐஎஸ்எம்பி 600 என்றால் இந்த யோசனையே தேவையில்லை. ஃபிளேஞ்ச் 210 மி.மீ.; எம்20 நேர் வரிசையிலேயே 0.79 வந்துவிடும்.