தேர்க்காலும் கல்வெட்டும்

மனிதர்களைப் புரிந்துகொள்ள வரலாறு உதவுமா, பழங்கதை உதவுமா? சோழர் நீதி என்று நமக்கு வந்து சேர்ந்த இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று கதை. அரசகுமாரனின் தேர்க்காலில் சிக்கி ஒரு கன்று சாகிறது. தாய்ப்பசு வந்து அரண்மனை வாயில் மணியை அசைக்கிறது. அரசன் தன் மகனை அதே தேர்க்காலில் இடுகிறான். இது நடந்ததற்குச் சான்று கிடையாது.

மற்றது கல். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி கோயிலில் உள்ள கல்வெட்டு. 985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அதோடு நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன், தாயோடு பிறந்த மாமன், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று ஒவ்வொரு உறவாக எண்ணி, அத்தனை பேர் உடைமைக்கும் கை நீள்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வரி இல்லை.

கதையில் தண்டனை அரசனின் சொந்த மகனோடு முடிகிறது. கல்லில் அது அடுத்தவன் மருமகன் வரை போகிறது. அச்சம் வந்தால் அதிகாரம் எப்படி நடக்கும் என்பதைக் கல் அளவுக்கு எந்தக் கதையும் எனக்குக் காட்டியதில்லை. இந்த இடத்தில் என் ஓட்டு வரலாற்றுக்குத்தான்.

ஆனால் மனசுக்குள் என்ன கிடக்கிறது என்பதற்குக் கதையிடம்தான் போக வேண்டும். சோழனை எதிர்த்த தரப்பின் நூலான, இலங்கையின் பழைய வரலாற்று நூல் மகாவம்சமே, அங்கே ஆண்ட சோழ அரசன் எல்லாளன் தன் மகனை இப்படித் தண்டித்ததாகச் சொல்கிறது. பகைவனிடமும் நேர்மையை ஒப்புக்கொள்ளும் குணம் அதில் தெரிகிறது.

அதைவிட என்னைத் தொடுவது கதை மாறிய விதம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் நிற்கும் கண்ணகி இதைச் சொல்கிறாள்: பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, அரசன் மகனைத் தேராழியில் மடித்தான். அவ்வளவுதான், மகன் எழுந்து வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடும்போது சிவபெருமான் வருகிறார், கன்றும் எழுகிறது, மகனும் எழுகிறான். நீதி வேண்டும், பிள்ளையும் வேண்டும்.

உடையார்குடிக் கல்லில் அப்படி யாரும் எழவில்லை. அந்த மருமகன்கள் என்ன ஆனார்கள் என்பதும் அதில் இல்லை.